கலையின் நோட்டில் ஒரு கோடு

காலை 9.05. கடலூர் பஸ் ஸ்டாண்ட். சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பதினெட்டு ரூபாய். 2010-இல், மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. மடியில் என் தங்கை கலையின் நோட்டு. அவள் செத்து இரண்டு மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலை.

சிதம்பரத்தில் மாமா வீட்டில் தங்கி எட்டாவது படித்தாள். அவள் வகுப்புக்கு ஒரு பைலட் மேடம் தன் லீவு நாளில் வந்து, காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். பிள்ளைகள் ஆளுக்கொரு நோட்டு போட வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. கடைக்குப் போனாலும் சரி, எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு, ஓட்டியது யார் என்று பைலட்டுகள் மாதிரியே எழுத வேண்டும். இன்று மேடம் வருகிறார், கலையின் நோட்டைக் கொண்டு வாருங்கள் என்று டீச்சர் போன் செய்திருந்தார்.

9.20. முதுநகர். அவள் விட்ட இடத்துக்குக் கீழே நானும் நேரத்தைக் குறித்தேன். கண்டக்டர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

"சார், செக்கிங்கா?"

"இல்லண்ணே, சும்மா."

"சும்மா எவன் டைம் எழுதிக்கினு வருவான்?" டிரைவர் பக்கம் திரும்பி, "மச்சான், பாத்துப் போ, ஆபீஸ் ஆளு ஏறியிருக்காரு!" என்றார்.

பக்கத்தில் காலி மீன்கூடையோடு இருந்த அம்மா விடவில்லை. "ஆபீஸ் ஆளாம். அந்தப் புள்ள கையப் பாருய்யா, நகம் பூரா கிரீசு!"

அம்மா சொன்னது சரி. நான் டூவீலர் மெக்கானிக். படிப்பு ஆறாவதோடு சரி.

9.50. பெரியப்பட்டு. பக்கங்களைத் திருப்பினேன். 'கடலூர் – திருவந்திபுரம். சைக்கிள். ஓட்டியவர்: அண்ணன்.' இப்படிப் பல. கடைசிப் பக்கத்தில், மேடம் போன தடவை வந்த நாளுக்கு நேராக: 'கடலூர் – சிதம்பரம். அண்ணன் வரவில்லை. காரணம்: முதலாளி லீவு தரவில்லை.'

அன்று வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். முதலாளி லீவும் கொடுத்தார். டீச்சர், பைலட் முன்னால் போய் நான் என்ன பேசுவேன் என்று கூசிப்போய், போனில் பொய் சொன்னேன். அதை அவள் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

10.10. வெள்ளாற்றுப் பாலம். தண்ணீர் கலங்கலாக ஓடியது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன்.

10.25. சிதம்பரம். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனேன். மேடத்துக்கு முப்பது வயது இருக்கும். யூனிஃபார்ம் இல்லை, சாதாரண சுடிதார். நோட்டை நின்றபடியே படித்தார்.

"அன்னிக்கு நீங்க வரலன்னு ரொம்ப வாடிப்போயிட்டா. உங்க முதலாளிய நான் வந்து திட்டுறேன்னு சொன்னப்பறம்தான் சிரிச்சா."

"முதலாளி லீவு குடுத்தாரு மேடம். நாந்தான் வரல. அவகிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் நோட்டை என்னிடம் நீட்டினார். மேஜையிலிருந்த பேனாவை எடுத்து அந்த வரியைக் கிறுக்கி அழிக்கப் போனேன். முன் பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்து ஓடி வந்தாள்.

"அண்ணே, அண்ணே! கிறுக்கக் கூடாது. பைலட் நோட்டுல தப்புன்னா ஒரே கோடுதான். பழசும் படிக்கிற மாதிரி இருக்கணும். சரியானத பக்கத்துல எழுதுங்க."

ஒரு கோடு போட்டேன். 'லீவு இருந்தது. கூச்சப்பட்டு வரவில்லை' என்று எழுதினேன். எழுதி முடிக்க நேரமாயிற்று. அவ்வளவு நேரமும் அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"கையெழுத்து?"

போட்டேன். மற்ற நோட்டுகளோடு இதுவும் இருக்கட்டுமே என்று பிள்ளைகள் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன்.

பகல் 12.40. திரும்பும் பஸ். வகுப்பில் யாரும் என் படிப்பைக் கேட்கவில்லை. அவளிடம் பொய் சொன்ன அன்றைக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நான் இரண்டு மணி நேரம் நின்றிருந்தேன். கண் முன்னால் ஐந்து சிதம்பரம் பஸ் கிளம்பிப் போயின. இன்று அவளுடைய வகுப்புக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம்தான் ஆனது.