அக்கா வீட்டு ஜாயிண்ட் போட்டோ

அந்தப் படத்தில் அக்கா மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய ஒரே மகள், பவுடர் அப்பிய முகமும் இரட்டைச் சடையுமாக. மகளுக்குப் பின்னால் கோடு போட்ட சட்டையில் ஒருவர், அவள் தோளில் கை வைத்தபடி நிற்கிறார். அவர்களுக்குப் பின்னால் தென்னைமரம் வரைந்த எங்கள் ஸ்டுடியோவின் திரை. முகாமிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களை அந்தத் திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறோம். இந்த ஒன்றை மட்டும் நான் அதிக நேரம் பார்ப்பதில்லை. அந்த மனிதரின் தலை மட்டும்தான் அவருடையது. உடம்பும் கையும் என்னுடையவை.

மண்டபம் ஊரில் அகதி முகாமுக்குப் போகும் வழியில் எங்கள் அய்யா ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்போம் என்றாலும், கடையை ஓட்டியது ஜாயிண்ட் போட்டோதான். முகாமில் எந்தக் குடும்பமும் முழுசாக இருந்ததில்லை. தகப்பன் இங்கே, தாய் வவுனியாவில், மகன் ஜெர்மனியில் என்று சிதறிக் கிடந்தவர்கள் ஆளுக்கொரு படத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அய்யா பிளேடால் வெட்டி, பசை தடவி ஒட்டி, ஓரங்களைப் பென்சிலால் தீற்றி, அதை மறுபடியும் படம் எடுத்துக் கொடுப்பார். அது பொய்ப் படம் என்று முகாமில் யாரும் சொன்னதில்லை. ஒரு குடும்பத்தில் யார் யார் உண்டோ அவர்கள் படத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நானும் அதில் தப்பு ஒன்றும் கண்டதில்லை, இன்றைக்கும் காணவில்லை.

அக்கா என்று நான் கூப்பிடும் அவர் மன்னார்ப் பக்கத்துக்காரர். மகள் வயிற்றில் இருக்கும்போதே ராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் கணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கைக்குழந்தையோடு படகேறி வந்து, தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கி, முகாமுக்கு வந்து சேர்ந்தார் அக்கா. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், தகப்பன் இல்லாதவள் என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்காகத்தான் அவளையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். கையில் கணவருடைய பழைய அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் இருந்தது, அதிலும் கழுத்துவரைதான். உடம்புக்கு என்ன செய்வது என்று அய்யா யோசித்தபோது, அக்கா பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். படகில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு வந்தவர் அந்தச் சட்டையை மட்டும் விடவில்லை. எனக்கு அது தோளில் கொஞ்சம் பிடித்தது. போட்டுக்கொண்டு மகளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

படம் அக்காவின் அறைச் சுவரில் ஏறியது. அப்பா கொஞ்ச நாள் இங்கே நம்மோடு இருந்தார், பிறகு அவருடைய அம்மாவைத் தேடிப் படகில் திரும்பிப் போனார், வரவில்லை என்று மகளிடம் சொல்லி வைத்தார் அக்கா. பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொன்ன கதை. ஆனால் அவள் அதைக் கதையாகக் கேட்கவில்லை. அப்பா தோளில் கை வைத்தது தனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கை சூடாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு வளர்ந்தாள். அவள் சொன்னது நிஜம்தான். கை வைத்தது யார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியாது.

அவள் கல்யாணமாகிக் கனடா போனாள். போய்க் காலூன்றியதும் அம்மாவை அழைத்துக்கொள்ள மனுப் போட்டாள். குடும்பத்துக்கு அத்தாட்சியாகப் படம் கேட்டார்களாம். அப்பாவும் இருக்கிற படமாக வீட்டில் இருந்தது அது ஒன்றுதான், அதை வைத்து அனுப்பினாள். பின்பக்கத்தில் எங்கள் கடை முத்திரையும் தேதியும் இருந்தன. படகில் வந்து இறங்கியபோதே, கணவரைப் போரில் பறிகொடுத்துவிட்டேன் என்று அக்கா சொல்லிப் பதிந்திருந்தார். அதற்கப்புறம் எடுத்த படத்தில் அவர் எப்படி நிற்கிறார், இப்போது எங்கே என்று விசா அதிகாரிகள் கேட்டார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்? வந்த நேரத்துப் பயத்தில் அம்மா மாற்றிச் சொல்லியிருப்பாள் என்று மகள் பதில் எழுதினாள். அதோடு மனு அப்படியே சிக்கிக்கொண்டது.

விஷயம் தெரிந்ததும் நான் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன், இதற்கு ஏன் கவலைப்படுகிறீர்கள், என் தலையோடு எடுத்த நெகட்டிவ் இன்னும் கடையில் இருக்கிறது, இது ஒட்டிய படம் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று. அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை யார் மூலமாக அனுப்ப வேண்டும் என்று கேட்டார். மனுப் போட்டது மகள், அவள் கைப்படாமல் எதுவும் போகாது என்றேன். அப்படியென்றால் வேண்டாம் என்றார் அக்கா.

"அவளுக்குத் தகப்பனெண்டு இருக்கிறது அந்தக் கை ஒண்டுதான், தம்பி. அதையும் பறிச்சுப்போட்டு அவளிட்ட நான் எந்த முகத்தோட போய் இருக்கிறது?"

நான் மூன்று நான்கு தடவை பேசிப் பார்த்துவிட்டேன். கோபமாகவும் பேசினேன். ஒரு சட்டைக்குள் நான் நின்றதற்கு நீங்கள் ஆயுள் முழுக்க இங்கே கிடக்கணுமா என்று கூடக் கேட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மழைக்கு ஒழுகும் அந்த ஒற்றை அறைக்கு, முகாமில் தலை எண்ணும் நாளில் வரிசையில் நிற்பதற்கு. அதைத் திறக்கிற சாவியாக அந்த நெகட்டிவ் என் அலமாரியில் இருந்தது. அக்கா சொல்லாமல் அதைத் தொட எனக்கு உரிமை இல்லை. அவர் அங்கே மாட்டிக்கொண்டார் என்றால், நான் இங்கே மாட்டிக்கொண்டேன்.

போன மாதம் மகள் வந்திருந்தாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவள் இருப்பது கோதுமை விளையும் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் நூலகத்தில் பழைய படங்களைச் சேர்த்து வைக்கிறார்களாம். பனியில் நிற்கும் பள்ளிக்கூடம், அறுவடைக்குக் கூடிய ஊர்ச்சனம், உலகப் போருக்குப் போய்த் திரும்பாத பையன்கள் என்று செல்போனில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். சீருடையில் நின்ற பையன்களை அக்கா விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது வேறு நாடுகளில் போருக்குத் தப்பி வந்தவர்களின் குடும்பப் படங்களையும் கேட்கிறார்களாம். "அப்பாட படத்தைப் பெரிசாக்கித் தாங்கோ மாமா, அங்க வைக்கோணும்" என்றாள். பெயர்களும் எடுத்த ஊரும் கீழே எழுத வேண்டுமாம். எனக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது. இதுதான் நேரம், சொல்லிவிட்டால் அடுத்த வருஷம் அக்காவும் அந்த ஊரில் இருப்பார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் எடுக்கேக்க நீங்களும் இங்க நிண்டனீங்களா மாமா?"

"நின்னேம்மா."

"அப்பா அண்டைக்கு ஏதும் கதைச்சவரா?"

அன்றைக்கு அவள் நெளிந்துகொண்டே இருந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நான் குனிந்து ஒன்று சொன்னேன். அதைத்தான் இப்போதும் சொன்னேன்.

"பயப்படாத தாயி, நான் பின்னாடிதான் நிக்கிறேன்னு சொன்னாரு."

அவள் சட்டென்று அம்மாவின் கையைப் பிடித்தாள். "ஓம், எனக்கும் அது ஞாபகம் இருக்கு அம்மா" என்றாள். கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. அக்கா முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"வா பிள்ளை, முகாம் கேட் பூட்டப் போறாங்கள்."