நீவெஸின் விக்கல் துப்பாக்கி

இத்தாலியில் பிரேஷியா நகருக்கு மேலே மலைச்சரிவுக் காப்பிக் கடைகளில் இயந்திரம் மக்கர் செய்தால் எல்லோரும் கூப்பிடுவது நீவெஸைத்தான். ஐம்பத்திரண்டு வயது, தோளில் கருவிப் பை, வாய் நிறைய ஏச்சு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுடுதளத்துக்கு வந்து, வானில் பறக்கும் மண் தட்டுகளை இரவல் துப்பாக்கியால் உடைப்பாள்.

அந்த வருடம் அவளுக்கு ஒரே ஆசை. சுடுதளத்தின் ஆறு பேர் அணியில் இடம் வேண்டும். ஐந்து பேர் முடிவாகிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரு இடத்துக்குச் செயலாளர் ஒரேஸ்தே கண் வைத்திருந்தான். சொந்தத் துப்பாக்கி இல்லாதவர்கள் தேர்வுக்கே நிற்க முடியாது. அதனால் நீவெஸ் ஒன்று தேடினாள். ஒரேஸ்தே தன் பழைய அரைத் தானியங்கித் துப்பாக்கியையே விலைக்கு அவள் தலையில் கட்டினான்.

சுட்டதும் காலித் தோட்டாவைத் தானே வெளியே துப்பி, அடுத்ததை ஏற்றிக்கொள்ள வேண்டிய துப்பாக்கி அது. துப்பவில்லை. பாதியில் விக்கிக்கொண்டு நின்றது.

"எண்ணெய் போடு நீவெஸ், நல்லா ஊத்து!" என்றான் ஒரேஸ்தே. அந்தப் பள்ளத்தாக்கில் துப்பாக்கிக்கு வேறு வைத்தியமே கிடையாது. அவளும் ஊற்றினாள். விக்கல் கூடியதுதான் மிச்சம்.

"உன் காப்பி மெஷினாவது நுரை தள்ளும். இது அதுகூடத் தள்ளலையே!"

"நீ வித்த லட்சணம் அப்படி. வாயை மூடுய்யா."

சொல்லிவிட்டாளே தவிர அவமானம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போய்ச் சமையல் மேசையில் அதை அக்கக்காகக் கழற்றினாள். குழலின் அடியில் ஊசிக்கண் அளவு இரண்டு துளைகள் இருக்க வேண்டும். வெடித்த புகை அவற்றின் வழியாக வந்து உள்ளிருக்கும் தண்டைத் தள்ளினால்தான் தோட்டா மாறும். துளைகள் இருந்த இடமே தெரியவில்லை. வருடக்கணக்கில் ஊற்றிய எண்ணெய் கரியோடு சேர்ந்து தீய்ந்து அடைத்திருந்தது.

பால் நுரைக்கும் குழாயில் காய்ந்த பாலைத் தினமும் குத்தி எடுப்பவளுக்கு இது புதிதா என்ன? அதே மெல்லிய கம்பியால் துளைகளைத் திறந்தாள். தண்டைச் சுரண்டித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படாமல் பூட்டினாள்.

தேர்வு நாளில் ஒரேஸ்தே முதலில் சுட்டு, இருபத்தைந்துக்கு இருபத்துநான்கு எடுத்தான். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். ஒரு தட்டுக்கு இரண்டு குண்டுவரை சுடலாம்; துப்பாக்கி சிக்கினால் இரண்டு முறைதான் மன்னிப்பு.

"எண்ணுங்கடா, எத்தனை விக்கல்னு!"

பத்தொன்பதாவது தட்டில் முதல் குண்டு தவறியது. தட்டு தாழ்வதற்குள் துப்பாக்கி தானாக அடுத்ததை ஏற்றியிருந்தது. இரண்டாவது குண்டில் தட்டு பொடியானது. இருபத்தைந்தாவதும் உடைந்தபோது ஒரேஸ்தேதான் முதலில் எழுந்தான்.

அங்கே ஒருவர் முதன்முறையாக ஒரு தட்டைக்கூடத் தப்பவிடாமல் சுட்டால், அவர் தொப்பியை வானில் எறிந்து எல்லோருமாகச் சுடுவார்கள். ஒரேஸ்தே அவள் எதிரே கை நீட்டினான்.

"கொடு தொப்பியை. நான்தான் எறிவேன்."

"புதுத் தொப்பிய்யா!"

"அணிக்கு வந்துட்டே. புதுசு என்ன, பழசு என்ன?"

ஏழெட்டுத் துப்பாக்கிகள் ஒன்றாக வெடித்தன. சல்லடையாகித் திரும்பி வந்த தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு நீவெஸ் எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதாள். திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு காப்பிக் கடைக்கும் வேலைக்குப் போனாள்.