கிணற்றுக்குள் போன அண்ணனைத் தேடி சிட்னிக்கு

எழுத்துக் கூட்டக் கற்றது இந்த வயதில்தான். நாற்பது வருடமாக வாயால் சொல்லிவந்த பயணத்தை முதன்முறையாகக் கையால் எழுதுகிறேன். மெதுவாகத்தான் போகிறது, ஆனாலும் சந்தோஷம்.

1975. மெல்பர்னில், ஸ்பிரிங்வேல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. போர்க்காலத்தில் சிங்கப்பூர் வந்த நீர்மூழ்கியில் இருந்த ஜெர்மன்காரர் ஒருவர் சிட்னியில் இருப்பதாக, என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துச் சிவம் சொன்னார். அன்று மாலையே சிட்னிக்கு ரயில் டிக்கெட் எடுத்தேன்.

அந்த நீர்மூழ்கி கடலில் கண்ணிவெடி போடக் கட்டியது. எங்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில், வெடி வைக்கும் அதன் குழாய்களுக்குள் ஜெர்மனிக்குக் கொண்டுபோக வெள்ளீயக் கட்டிகளை அடுக்கினார்கள். ஜப்பான்காரன் பிடித்துப்போன கூலிகளில் என் அண்ணனும் ஒருவன். அந்தச் செங்குத்துக் குழாய்களைக் கூலிகள் ‘கிணறு’ என்பார்கள். அண்ணன் கிணற்றுக்குள் இறங்கினான், ஏறி வரவில்லை என்று செய்தி வந்தது. மறுநாள் கப்பல் போய்விட்டது. அம்மா வருடாவருடம் திதி கொடுத்துவந்தாள்.

ரயில் காலையில் கிளம்பி இரவில் சேரும். தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல். சிவம் வழியனுப்ப வந்தார்.

“அந்தாள் என்ன சொன்னாலும் தாங்குவியளோ? ஓம் எண்டால் ஏறுங்கோ.”

ஏறினேன். ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள், வழியெல்லாம் புல்வெளியும் ஆடும். எனக்கு அன்று எதுவும் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை ஜெர்மன்காரர் வீட்டில் தேநீர் தந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கிணறுகளைப் பற்றி மட்டும் கேட்டேன். கப்பல் முங்கும்போது அவற்றில் கடல்நீர் நிரம்பிவிடும் என்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

“உள்ளே ஆள் இருந்தால்?”

“மூடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் விளக்கடித்துப் பார்த்தவன் நான். ஒன்றில் ஒருவன் ஒளிந்திருந்தான். இடது காதில் மட்டும் கடுக்கன்.”

அண்ணனின் ஒற்றைக் கடுக்கனைப் பற்றி நான் அதுவரை வாயே திறக்கவில்லை. மழை கொட்டியதாம், காவல்காரர்கள் கூரைக்கு அடியில் ஒதுங்க ஓடியபோது அவனைக் கடல் பக்கமாக இறக்கிவிட்டாராம். கரைவரை தலை தெரிந்ததாம். அப்புறம் அவருக்கும் தெரியாது. கப்பல் பாதி வழியில் ஜாவாவுக்குத் திரும்பியது. ஜெர்மனி சரணடைந்ததும் ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான்.

தபால் நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு டிரங்க் கால் போட்டேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “கரைக்குப் போயிட்டானாடா?” என்று மட்டும் கேட்டாள்.

இப்படி யாரையாவது தேடிப் போக நினைத்தால் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த வருடம் அந்த ஜெர்மன்காரர் உயிரோடு இல்லை. அண்ணன் இன்றுவரை வரவில்லை. ஆனால் அந்த வருடம் திதி நாளில் எங்கள் வீட்டில் அம்மா மீன்குழம்பு வைத்தாள்.