பாதியில் உட்கார்ந்த கணவர், உச்சிக்குப் போன நான்

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரூரில் என் கணவரோடு தினமும் வாக்கிங் போகிற நண்பர்கள், வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு, சித்தேரி மலையில் ஓர் உச்சிக்கு ஏறக் கிளம்பினார்கள். வேனில் இடம் இருந்ததால் நானும் தொற்றிக்கொண்டேன். மலை ஏறுகிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. கீழே இருக்கிற ஊரில் வேடிக்கை பார்த்துவிட்டு, இறங்கி வருகிறவர்களுக்குப் புளிசோறு எடுத்து வைப்பதுதான் என் திட்டம்.

என் கணவருக்கோ ஒரு மாதமாக இதே பேச்சு. புது ஷூ, தொப்பி, மொட்டை மாடிப் படியில் ஏறி இறங்கிப் பயிற்சி! "பாதி தூரமாவது வா, காத்து நல்லா இருக்கும்" என்று அவர் நச்சரித்ததில் நானும் நடந்தேன். மற்றவர்கள் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார்கள். வழிகாட்ட வந்த மலை ஊர்க்காரர் ஒருவரும் அவர் மனைவியும் மட்டும் எங்களோடு வந்தார்கள்.

பாதி மலையில் என் கணவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. "ஐயோ" என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அந்த அண்ணன் காலை நீவிவிட்டார். "சரி, எறங்கிடலாம்" என்றேன், உள்ளுக்குள் சந்தோஷமாக.

"அதெல்லாம் முடியாது. நம்ம வூட்டுல இருந்து ஒருத்தராவது மேல போவணும். நீ போ" என்றார்.

"நானா? வெளையாடாதீங்க."

"பசங்ககிட்ட என்னான்னு சொல்றது? போ!"

அந்த அண்ணன் என் கணவரோடு இருந்துகொள்ள, அவர் மனைவி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என் வயதுதான் இருக்கும். சாமைக் காட்டைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசிக்கொண்டே ஏறியதில் தூரமே தெரியவில்லை. கடைசியில் செங்குத்தாக ஒரு வழுக்குப்பாறை. அதன் அடியில் அவர் நின்றுவிட்டார்.

"இதுக்கு மேல நான் போனதே இல்லக்கா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இந்த மலையிலயேதான இருக்கீங்க?"

"நெல்லிக்கா பொறுக்கத்தான் நான் ஏறுவேன். நெல்லி மரம் இந்தப் பாறையோட முடிஞ்சிடுதுங்க. மேல எனக்கு என்னா வேலை?"

இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். வந்தது வந்தாயிற்று என்று ஏற ஆரம்பித்தோம்.

பாதிப் பாறையில் நான் கீழே பார்த்துத் தொலைத்தேன். அவ்வளவுதான், கால் சறுக்கிவிட்டது. கையில் அகப்பட்ட ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு பல்லி மாதிரி ஒட்டிக் கிடந்தேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. பிள்ளைகள் முகம் கண்ணுக்குள் வந்து போனது. பக்கத்தில் இருந்தவர் "பயப்படாதீங்க" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அக்கா, எனக்கும் காலு நடுங்குதுங்க. நீங்க ஒரு கை எடுத்து வைங்க, அப்பறம் நான் வெக்கிறேன்" என்றார்.

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடம்பின் விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது. நான் ஒரு கை, அவர் ஒரு கை. குழந்தைகள் போலத் தவழ்ந்தே உச்சியைத் தொட்டோம். முன்னால் போயிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

சுற்றிலும் மலைமலையாகப் போய்க்கொண்டே இருந்தது. அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தவர் திடீரென்று குதித்தார். "அக்கா, அதோ எங்க வூடு! கொடியில என் செவப்புப் பொடவ காயுது பாருங்க!" இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டை முதல்முறையாக மேலிருந்து பார்க்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் நான் போட்டோ எடுத்தேன்.

இறங்கும்போது இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு வந்தோம். என் சுடிதார் பேன்ட் கிழிந்து, துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து நின்ற கோலத்தைப் பார்த்து, என் கணவர் தொடை வலியை மறந்து சிரித்தார். வேனில் நடந்ததையெல்லாம் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். அரூர் வருவதற்குள், அவர் மற்றவர்களிடம் சொல்வதைக் கேட்டால் அவரே ஏறிவிட்டு வந்தது போல இருந்தது!

அன்றைக்குப் பயமே இல்லாத ஒருவர் என் பக்கத்தில் இருந்திருந்தால், நான் அந்தப் பாறையிலிருந்தே திரும்பியிருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.