பழக்கிக் கொடுப்பவர்

சீருடைச் சட்டைக்கு மேல் நாலு அங்குல அகலத் தோல் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு அவர் டவுன் பஸ் ஓட்டுகிறார். பளு தூக்குகிறவர்கள் இடுப்பில் கட்டுவது. புதிதில் பலகைபோல் விறைத்திருக்கும். திருப்பங்களில் ஸ்டியரிங்கோடு அவர் உடம்பு சாயும்போது தோல் முனகுகிறது. முன் இருக்கையில் இருந்த அம்மா கேட்டுவிட்டார்.

"இடுப்பு வலியா தம்பி?"

"இல்லைங்கம்மா. இது எங்க மச்சானோட பொறந்தநாள்."

அந்த அம்மா மெதுவாகப் பின் இருக்கைக்கு மாறிக்கொண்டார்.

எங்கள் ஜிம்மில் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுவோம். வேண்டியவர்களுக்குப் பரிசு என்றால் பளு தூக்க உதவும் சாமான்தான் வாங்குவார். ஆனால் புதிதாகக் கொடுக்கமாட்டார். முழங்கால் உறைகளைத் தன் தொடையில் ஏற்றி இளகவைப்பார். மணிக்கட்டுப் பட்டைகளைத் துவைத்துத் துவைத்து முரட்டுத்தனத்தை எடுப்பார். புரோட்டீன் பாட்டிலில் சோடா உப்புத் தண்ணீரை ஊற்றிவைத்து பிளாஸ்டிக் வாடையைப் போக்குவார். "புதுசா குடுத்தா பெட்டிக்குள்ளயே தூங்கும். பழக்கிக் குடுத்தா மறுநாளே கட்டுவான்" என்பது அவர் கட்சி.

பரிசு பெறுகிறவர்களுக்கு வேறு கட்சி. பிறந்தநாளன்று மச்சான் அந்தப் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்பக்கத்தில் சுருக்கங்கள். நடு ஓட்டை லேசாக நீண்டிருந்தது.

"ஏன் மாமா, உங்களுக்குச் சின்னதாப் போச்சுன்னு எனக்கா?"

"முதல்ல கட்டுடா. அப்புறம் பேசு."

மச்சான் கட்டினான். மறுநாள் ஜிம்முக்கும் அதைக் கட்டிக்கொண்டுதான் வந்தான்.

எதை வாங்குவது என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை. ஒரு வாரம் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். எடையைக் கீழே வைத்ததும் ஆளின் கை எங்கே போகிறது என்பதுதான் கணக்கு. மணிக்கட்டைத் தடவினால் பட்டை. உள்ளங்கையை ஊதினால் சுண்ணப்பொடி. கை தலைமுடிக்கும் பார்வை சுவர்க்கண்ணாடிக்கும் போனால், "அவனுக்கு ஒரு துண்டு போதும்." கையுறை வாங்கமாட்டார்: "கையுறை மாட்டிக்கிட்டா பொண்ணு பாக்கப் போவாங்க?" ஊக்க வாசகம் அச்சடித்த படங்களும் கிடையாது: "சுவத்துக்கு எதுக்குய்யா தெம்பு?" ஷூவும் கிடையாது. அது அவரவர் காலோடு போய் வாங்க வேண்டியது என்பார்.

எனக்குக் கம்பியில் மாட்டும் கால் கிலோ எடைத்தட்டுகள் ஒரு ஜோடி கிடைத்தன. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கியிருந்தார். நான் பல மாதங்களாக ஒரே எடையில் நின்றுகொண்டிருந்தேன். "பெரிய படி ஏறலைன்னா சின்னப் படி வெச்சுக்க வேண்டியதுதானே" என்று கையில் திணித்துவிட்டு டிப்போவுக்குப் போய்விட்டார்.

ஒருத்தர் விஷயத்தில் மட்டும் அவர் பார்க்கவில்லை.

ஜிம்முக்கு வரப்போவதாக மகள் சொன்ன அன்று மாலையே அவளுக்கு ஒரு பெல்ட் வாங்கிவிட்டார். தன்னுடையதைப் போலவே நாலு அங்குலம், தன் அளவு. அவரே கட்டிப் பழக்கி, அவளுக்காகக் கூடுதல் ஓட்டைகள் போட்டுக் கொடுத்தார். மகளுக்கு அம்மாவின் வாகு. விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே இடம் குறைச்சல். குனியும்போதெல்லாம் பெல்ட்டின் மேல் விளிம்பு விலாவில் ஏறிக் குத்தியது. மாதக்கணக்கில் கட்டினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கன்றிப்போய்க் கறுத்திருந்ததை ஒருநாள் துணி மாற்றும்போது அம்மா பார்த்து அவரிடம் சொல்லிவிட்டார்.

"சொல்லியிருக்கலாம்லம்மா?" என்று மகளிடம் கேட்டார்.

"ஊர்ல இருக்கறவன் கை எங்க போகுதுன்னு பாக்கறீங்க. என் கை இந்த விலாவுலயேதானேப்பா இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவள் பெல்ட் இல்லாமல்தான் தூக்கினாள். இனிமேல் எனக்கு எதுவும் வாங்கவேண்டாம் என்றும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைப் படுத்தியது. அடுத்த வாரங்களில் யாருக்கும் எதுவும் வாங்கவில்லை. எதிர் பெஞ்ச் காலியாக இருந்தது.

ஜிம்மில் போட்டி அறிவித்ததும் அவள் பெயர் கொடுத்தாள். அவர் மறுபடி கடைக்குப் போனார். இந்த முறை மூன்று அங்குலம், மகளின் சரியான அளவு. வீட்டுக்கு வந்து கட்டிப் பார்த்தபோது இரண்டு முனைகளுக்கும் நடுவே அவருடைய தொப்பை நின்றது. தலையணையில் கட்டினார், தலையணை அமுங்கியது. தண்ணீர்க் கேனில் கட்டினார், கேன் குனியவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க?"

"அவளுக்கும் உனக்கும் ஒரே இடுப்பு."

மனைவி தபால் நிலையத்தில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவர். நாள் முழுக்கக் குனிந்து நிமிரும் வேலை. சேலைக்கு மேல் பெல்ட்டைக் கட்டி, அதன்மேல் சீருடைக் கோட்டைப் போட்டு மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். தூக்கும் சமயம் மூச்சை அடக்கி வயிற்றால் பெல்ட்டைத் தள்ளவேண்டும் என்று டிரைவர் சொல்லிக்கொடுத்திருந்தார். பக்கத்து மேஜைக்காரி, மூச்சுப் பிடிப்பா என்று விசாரித்தாளாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இவர் டார்ச் வெளிச்சத்தில் மனைவியின் விலாவைப் பார்ப்பார்.

"கல்யாணத்துக்கு ஒரு மோதிரம். இத்தனை வருஷம் கழிச்சு ஒரு பெல்ட்டு. அதுவும் எனக்கில்ல."

"எங்கயாவது குத்துதா?"

"பெல்ட்டு குத்தல. நீங்கதான் குத்தறீங்க, டார்ச்சை எடுங்க."

போட்டிக்கு முதல்நாள் அந்தப் பெல்ட்டை மகளின் பையில், துண்டுக்குக் கீழே வைத்தார். அவளிடம் சொல்லவில்லை. "சொன்னா எனக்காகக் கட்டுவா" என்று என்னிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை டெட்லிஃப்ட். கம்பியைத் தரையிலிருந்து எடுத்து இடுப்புவரை நிமிரவேண்டும், ஆளுக்கு மூன்று வாய்ப்பு. கணவனும் மனைவியும் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் துண்டை எடுக்கப் பையைத் திறந்தாள். ஒரு நொடி உள்ளே பார்த்தாள். துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஜிப்பை மூடினாள். டிரைவர் தன் ஷூ நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

முதல் எடை பெல்ட் இல்லாமலே சுலபமாக வந்தது. எடையை ஏற்றச் சொன்னாள். இரண்டாவது முறை கம்பி முழங்காலுக்குக் கீழே நின்றுவிட்டது. முதுகு வளையத் தொடங்கியதும் கீழே விட்டுவிட்டாள். பெஞ்சில் மனைவி அடக்கிவைத்திருந்த மூச்சை விடுவது எனக்குக் கேட்டது.

மகள் எடையைக் குறைக்கவில்லை. பையருகே போனாள். பெல்ட்டை எடுத்தாள். விரலால் வளைத்துப் பார்த்தாள். தேய்ந்திருந்த ஓட்டையைத் தடவினாள். இடுப்பில் சுற்றிக்கொண்டு நேரே பெஞ்சுக்கு வந்து, அப்பாவின் முன்னால் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

"அம்மாவோட ஓட்டை வேண்டாம்ப்பா. இன்னும் ஒண்ணு உள்ள தள்ளிப் போடுங்க."

அவர் எழுந்து வாரை இழுத்தார். பக்கிள் ஊசி அடுத்த ஓட்டையில் இறங்கியது. நடுவர் கூப்பிட்டார். டிரைவர் கையை எடுக்கவில்லை. தன் சுண்டுவிரலை பெல்ட்டின் மேல் விளிம்புக்கும் அவளுடைய கடைசி விலாவுக்கும் நடுவே நுழைத்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார்.