தகரக் காருக்கு ரெக்சின் சட்டை

கார் உட்புறம் வேலை செய்கிறவனின் தலையெழுத்து இது: வருகிறவர்கள் எல்லாரும் சீட்டைத்தான் அமுக்கிப் பார்ப்பார்கள், கதவின் உள்பக்கத் தகட்டுக்கு ரெக்சின் ஒட்டியவனை நினைப்பது, அது பிய்ந்து தொங்கும்போதுதான். தையல்காரர்களே, பெயிண்டர்களே, உங்களுக்கும் இந்த வயிற்றெரிச்சல் இருக்கும். கேளுங்கள்.

தகர டப்பா

உத்திரமேரூரில் இருக்கும் என் கடைக்குப் பம்புசெட் மெக்கானிக் ஏகாம்பரம் வந்தார். பழைய ஆட்டோ இன்ஜினை வைத்து, தகடு வெட்டி, வெல்டு வைத்து, வீட்டுக் கொல்லையிலேயே ஒரு கார் கட்டியிருந்தார். ஓடவும் ஓடியது. வெளியே நீல பெயிண்டு. உள்ளே கதவு, கூரை எல்லாம் மொட்டைத் தகடு. ஊரே ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டது, அவர் மனைவி அம்சாவைத் தவிர. அதனாலேயே மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. "உள்ள மெத்துனு பண்ணிக் குடு மேஸ்திரி, அவ ஏறிடுவா" என்றார்.

அளவெடுக்கப் போன இடத்தில் அம்சாவிடமே கேட்டேன், ஏம்மா ஏறமாட்டேன் என்கிறாய் என்று.

"டப்பாவுல போட்டு எத்துக்கினு போவ நா இன்னா பிஸ்கோத்தா?"

பளபளப்பு

ரெக்சின் ஒட்டும் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. கொஞ்சம் சொரசொரப்பும் வேண்டும். அப்போதுதான் பசை பிடிக்கும். கதவுத் தகடுகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏகாம்பரத்தினுடையது பம்பு ஷாஃப்டைத் தேய்த்துப் பழகிய கை. மறுநாள் போனால், ரெண்டு தகட்டிலும் முகம் பார்த்துத் தலை சீவலாம். பாலிஷ் சக்கரத்தில் கொடுத்து எடுத்திருக்கிறார். பெருமையில் அவர் முகமும் மின்னியது. பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் முரட்டு உப்புத்தாளை எடுத்து அவர் கண்ணெதிரே பரபரவென்று கீறினேன்.

"குளிப்பாட்டி உட்ட கொயந்தய சேத்துல பொரட்டற மாரி கீதே மேஸ்திரி!"

கொப்புளம்

வெள்ளிக்கிழமை பசை வேலை. தகட்டில் பசை தடவும் பொறுப்பை ஏகாம்பரம் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் வாசலில் ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டி மாட்டியபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நல்ல வெயில் பட்டதும் ரெண்டு கதவிலும், கைப்பிடிக்கு மேலே, ஒரே இடத்தில் கொப்புளம். இதைப் பார்த்தால் அம்சா ஜென்மத்துக்கும் ஏறமாட்டாளே!

ஒரு கதவை உரித்தேன். தகட்டில் காய்ந்த மஞ்சள், நடுவில் குங்குமம். எங்கள் பக்கத்தில் சைக்கிள் வாங்கினாலும், கிணற்றில் மோட்டார் இறக்கினாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். அந்தத் தூள்மேல் பசை எப்படிப் பிடிக்கும்? ஏறவே மாட்டேன் என்ற அம்சாதான் சத்தமில்லாமல் ரெண்டு தகட்டுக்கும் பொட்டு வைத்திருக்கிறாள். பசை தடவிய மனுஷர் பார்க்காமலா இருந்திருப்பார்? துடைத்துவிட்டுத் தடவக் கூடாதா என்று சத்தம் போட்டேன்.

"அவ வச்ச பொட்ட நா எப்டி மேஸ்திரி அழிப்பேன்?"

சவாரி

நானே துடைத்துவிட்டுப் புதிதாக ஒட்டித் தருகிறேன் என்றேன். ஏகாம்பரம் கதவை மறித்துக்கொண்டு நின்றார். உரித்ததையும் பொட்டின்மேலேயே என்னை ஒட்ட வைத்தார். தெரிந்தே கொப்புளத்தோடு நான் முடித்துக் கொடுத்த வேலை அது ஒன்றுதான். மானம் போனது.

நாங்கள் போட்ட சத்தம் அம்சா காதிலும் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் வீட்டைப் பூட்டினாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், ஏறி உட்கார்ந்தாள். ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லாத வண்டி. கொல்லையிலிருந்து அவர்கள் நெற்களம்வரை போய்த் திரும்பியது. அவ்வளவுதான் சவாரி. அதற்கே ஏகாம்பரம் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. இறங்கிய அம்சா கட்டைவிரலால் கொப்புளத்தை அமுக்கிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாண்ணா, வேல சுத்தமே இல்லியே?"

ஆக, சக கஷ்டவாளிகளே, சவாரி புருஷன் பெண்டாட்டிக்கு, கொப்புளம் ரெக்சின்காரனுக்கு.