சமதரையில் பறந்த பந்து

“ஏ புள்ள, இந்த மலையில சமமா ஒரு தரை கெடக்கா? எங்குட்டு நின்னு பந்த ஒதைப்ப?”

வில்பட்டிக்குக் கீழே உள்ள வளைவில், கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டியின் ஜன்னல் வழியாக என் தாய்மாமா இப்படிக் கேட்டார். அவர் மடியில் என் பந்து கிடந்தது. அறுவடை முடிந்த படிக்கட்டு வயல்தான் எங்கள் மைதானம். கோலுக்குப் பின்னால் வரப்பு. வரப்புக்கு அப்பால் வெறும் சரிவு. உயரமாக அடித்தால் பந்து வயல் வயலாகக் குதித்துச் சாலைக்குப் போய்விடும். அடித்தவளே இறங்கிப்போய் எடுத்துவர வேண்டும். அந்த நேரம் மாமா வந்துவிட்டால் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, நான் மூச்சிரைக்க வந்து சேரும்வரை ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். திரும்ப ஏறவேண்டிய ஏற்றத்துக்குப் பயந்தே பந்தைத் தரையோடு அடிக்கப் பழகினேன். மாநிலப் பயிற்சியாளருக்கு என்னிடம் பிடித்ததும் அந்த அடிதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி முடித்ததும், பாஸ்போர்ட் எடுத்ததும் நான்தான். இந்திய அணியின் முன்கள வீராங்கனையாக வெளிநாடு போகிறேன் என்று தெரிந்ததும் மாமா அதே வளைவில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார். நான் பந்தை உதைக்கும் படம். மேலே ‘சர்வதேச சிங்கமே’. கீழே மூலையில் கைகூப்பிய மாமா, பக்கத்தில் அவருடைய பிக்கப்.

அங்கே முதல் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில்தான் என்னை இறக்கினார்கள். இரண்டு அணிக்கும் கோல் இல்லை. வலப்பக்கமிருந்து பந்து வந்தது. எதிரணிக் கோல்கீப்பர் விழுந்து கிடந்தாள். தரையோடு தட்டியிருந்தால் போதும். நான் கோல் கம்பத்துக்கு மேலே அடித்தேன். அவ்வளவு சமமான புல்தரையில் நான் அதுவரை ஆடியதே இல்லை. அடுத்த நிமிடமே அவர்கள் கோல் போட்டார்கள். அதன்பிறகு சில பயணங்களில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், பிறகு கூப்பிடவில்லை.

ஊர் திரும்பி அந்த வளைவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். டீக்கடையில், மாமாவின் போனில் ஆட்டம் பார்த்த அத்தனை பேரும் இருந்தார்கள். “சிங்கம் வந்திருச்சுய்யா” என்றது ஒரு குரல். மாமா என் பையை வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

“அந்தப் பந்த யாரு போயி எடுத்துட்டு வந்தா?”

“அதுக்குன்னே ஆள் நிக்கிறாங்க மாமா.”

“அதான பாத்தேன்.”

கடையே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. நடந்துகொண்டே, “அத எறக்கிருங்க மாமா” என்றேன். மறுநாள் வெள்ளனே ஃப்ளெக்ஸைக் காணவில்லை.

எங்கள் பக்கம் எந்த ஃப்ளெக்ஸும் வீணாவதில்லை. ஒரு வாரத்தில் அது பிக்கப்பில் மூட்டைகளுக்கு மேலே தார்ப்பாயாகிவிட்டது. ஆனால் மாமா வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்துக் கட்டியிருந்தார். என் முகம் கேரட் மூட்டைகளின் மேல் கவிழ்ந்து கிடந்தது. நான் அப்படிக் கேட்கவில்லை. டீக்கடைச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டேன். ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட மனிதர் என்னை மறைத்து எடுத்துப்போவதைத் தாங்க முடியவில்லை. வண்டிச் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் போய்விடுவேன். நாயுடுபுரத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். யாராவது ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் முழங்கால் வலி என்பேன். என் முழங்காலுக்கு ஒன்றுமே இல்லை.

பழைய மாநிலப் பயிற்சியாளர் போன் செய்து, மதுரையில் மறுபடி அணித் தேர்வு நடக்கிறது, வருகிறாயா என்றார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று மாலை வயலுக்குப் போய் வேண்டுமென்றே உயரமாக அடித்தேன். சாலைவரை இறங்கிப் பந்தை எடுத்து ஏறிவந்தேன். மறுபடி அடித்தேன். கால் ஓயும்வரை அதையே செய்தேன். பிறகு பந்தைத் தரையோடு அடித்துப் பார்த்தேன். வரப்பில் மோதி என்னிடமே திரும்பி வந்தது.

இன்று விடியும்முன் மாமா லோடு கட்டிக்கொண்டிருந்தார். “நில்லுங்க மாமா” என்று ஃப்ளெக்ஸின் ஒரு முனையைப் பிடித்துப் புரட்டிப் போட்டேன். நிறம் வெளுத்த நான் மேலே வந்தேன்.

“மழ பெஞ்சா ஒம் மூஞ்சிதான நனையும்?”

“நனையட்டும்.”

மாமா கயிற்றை என் பக்கம் வீசினார். “சரி, கயித்தப் பிடி. வெரசா.”

பூட்ஸ் பையோடு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். அந்த வளைவில், டீக்கடையைத் தாண்டும்போது மாமா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் இறங்கி பஸ் ஏறினேன். இப்போது மதுரையில், பூட்ஸ் கயிற்றை இறுக்கிவிட்டு வரிசையில் நிற்கிறேன். எதிரே தரை சமமாகத்தான் கிடக்கிறது.